இடம் மாறிய மச்சம்

கிள்ளானில் நான் ஏறிய வாடகை மோட்டார், ஜெராம் கடற்கரை ஓரமாக ஒரு சக்கரத்தின் காற்றை விட்டுவிட்டு நின்றது. காரோட்டி இறங்கிப் பார்த்தான், உதட்டைப் பிதுக்கினான், எதிரே இருந்த சீனர் கடையை நோக்கி நடந்தான்.

"சக்கரத்தைக் கழற்றப்பா" என்றேன்.

"சாப்பிட்டு வந்து கழட்டுறேம்மா. காத்துப் போன டயரு எங்க ஓடிடப் போவுது லா!" என்றான். கிள்ளானிலேயே பிறந்து வளர்ந்த தமிழன். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் சக்கரம் கழற்ற எனக்குத் தெரியாது. வண்ணப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

சாலையோரம் முழுக்கப் பாய் விரித்து, பொடி இறாலைக் காயப் போட்டிருக்கிறார்கள். அதை இடித்துப் புளிக்க வைத்துக் கட்டியாக்கினால் பிளாச்சான். இந்த ஊரில் அது இல்லாமல் சமையல் இல்லையாம். என் மயிலாப்பூர் மூக்கு அன்று பட்ட பாட்டை நான்தான் அறிவேன். இறாலைக் கிளறிக்கொண்டிருந்த ஒரு மலாய்க்கார அம்மாள் என் பெட்டியைக் காட்டி ஏதோ கேட்டாள். சாப்பிட்டுவிட்டு வந்த காரோட்டி மொழிபெயர்த்தான்.

"மருந்துப் பொட்டியான்னு கேக்குறாங்க."

"படம் எழுதுகிற பெட்டி என்று சொல். நான் பெண்களை மட்டும் படம் எழுதுகிறவள்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அப்படியானால் உன்னை யார் எழுதுவார்கள்?" என்று கேட்டாளாம். 

பெண்களை மட்டும் என்று நான் விரதம் ஒன்றும் எடுத்துக்கொள்ளவில்லை. ஆண் ஓவியன் எதிரே உட்காரக் கூடாது என்று வீட்டுப் பெண்களை உள்ளே வைத்திருக்கும் கனவான்கள் என்னைத் தேடி வருகிறார்கள். படம் முடிந்ததும் வந்து முதலில் நகைகளைச் சரிபார்ப்பார்கள். ஒட்டியாணம் இருக்கிறதா, வைரத்தோடு எட்டுக்கல்லா ஏழுகல்லா. முகம் பிறகுதான். அதனால் நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். உட்காரும் பெண்ணிடம் முதல் நாளே, "கண்ணாடியில் முதலில் எதைப் பார்ப்பாய்?" என்று கேட்பேன். எதைச் சொல்கிறாளோ, அங்கிருந்து படத்தைத் தொடங்குவேன்.

புக்கிட் ரோத்தானுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றின் பெரிய கிராணியார்தான் எனக்குக் கடிதம் எழுதியவர். தோட்டத்து அலுவலகத்தின் தலைமை எழுத்தர், யாழ்ப்பாணத்துக்காரர், பெயர் வைத்திலிங்கம். 'என் மனைவியின் சாயலை எண்ணெய் வண்ணத்தில் எழுதித் தர வேண்டும்' என்று முத்துமுத்தான எழுத்தில் எழுதியிருந்தார். கூடவே கப்பல் சீட்டும் வந்தது. கடல் கடந்து ஒருத்தியின் முகத்தைப் பார்க்கப் போகிறோம் என்ற பெருமையில் நான் மேற்கொண்டு ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

கஞ்சி போட்ட வெள்ளைக் கோட்டோடு வாசலில் நின்றார்.

"வாங்கோ, வாங்கோ. பிரயாணம் சுகமோ?" என்று அழைத்துப்போனவர், உட்காரச் சொல்வதற்கு முன்னால் கூடத்துச் சுவரைக் காட்டினார். நல்லூர் முருகன் படத்துக்கும் சக்கரவர்த்தி படத்துக்கும் நடுவில் ஒரு பெரிய ஆணி.

"இந்த ஆணிக்குத்தான் படம். அளவைப் பாத்துக்கொள்ளுங்கோ."

ஓர் ஆணிக்காகச் சென்னையிலிருந்து வந்திருக்கிறோம் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். வீட்டில் கிராணியாருடைய குஞ்சியம்மா ஒருவர் இருந்தார். குஞ்சியம்மா என்றால் சித்தி. அவருக்குக் காது சுத்தமாகக் கேட்காது. நான் "போதும்" என்று சொன்ன ஒவ்வொரு முறையும் இன்னொரு குழல் புட்டை இலையில் தள்ளினார். அதன்மேல் தேங்காய்ப் பாலில் செய்த சொதி. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் டப்பாப் பால் ஊற்றிய காப்பியைக் குடித்தபோது எனக்கு ஊர் ஞாபகம் வந்தது.

மறுநாள் காலை ஒரு பெண் வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். இருபது வயதுதான் இருக்கும். கூறைச் சேலை, நெற்றியில் பொட்டு, இடது கன்னத்தில் உளுந்தளவு மச்சம். மூக்கும் முழியும் அத்தனை திருத்தம். கிராணியாருக்கு நாற்பதுக்கு மேல். நம் ஊரில் இல்லாத கதையா என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டு, "வணக்கம் அம்மா" என்றேன். அவள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டினாள். வெட்கம் என்று நினைத்தேன்.

கிராணியார் என் முதுகுக்குப் பின்னால் பத்திரிகையோடு உட்கார்ந்து உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார்.

"நாடியை உயத்தும். வாயை மூடும். வடிவா மூடும்." நாடி என்றால் மோவாய், வடிவா என்றால் நன்றாக.

அவர் இருக்கும்போது கண்ணாடிக் கேள்வியைக் கேட்க முடியவில்லை. ஆகவே மச்சத்திலிருந்து தொடங்கினேன். ஒரு முகத்தில் மச்சம் இருந்துவிட்டால் எனக்குப் பாதி வேலை மிச்சம். அங்கிருந்து கண் எவ்வளவு தூரம், உதட்டு மூலை எவ்வளவு தூரம் என்று தூரிகைக் காம்பை நீட்டி அளந்துகொண்டே போகலாம். நடுவில் கிராணியார் ஒரு வெல்வெட்டுப் பெட்டியைக் கொண்டுவந்து திறந்தார். உள்ளே கனமான தாலிக்கொடி.

"இதைப் பாத்துக் கழுத்திலை போட்டுவிடுங்கோ."

மனைவி உயிரோடு உட்கார்ந்திருக்கத் தாலி ஏன் பெட்டியில் இருக்கிறது என்று ஒரு கணம் திடுக்கிட்டேன். கனம் தாங்காமல் கழற்றி வைப்பார்கள் போலிருக்கிறது, அவரவர் ஊர் வழக்கம் என்று சமாதானம் செய்துகொண்டேன். எத்தனை சுலபமாகச் சமாதானம் ஆகிவிட்டேன் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இரண்டாம் நாள் கிராணியார் இல்லை. விடியற்காலையில் ஆட்களைப் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவதை இங்கே பெரட்டு என்பார்கள். அதற்குப் போனவர் அப்படியே அலுவலகத்தில் தங்கிவிட்டார். நான் தூரிகைக் காம்பை நீட்டி அளந்தேன். அளவு தப்பியது. மறுபடி அளந்தேன். நேற்று இரண்டு விரல்கடை இருந்த தூரம் இன்று நான்காக இருக்கிறது. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தேன்.  நேற்று இடது கன்னத்தில் இருந்த மச்சம் இன்று வலது கன்னத்தில் இருந்தது.

எழுந்து பக்கத்தில் போய் விரலால் தொட்டேன். கறுப்பு என் விரலில் வந்தது.

"இது என்ன அம்மா?"

அவள் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். "மை. நேற்று அத்தான் பக்கத்திலை நிண்டு இடம் காட்டினவர். இண்டைக்கு நானே கண்ணாடியைப் பாத்து வைச்சனான். பக்கம் மாறிப்போச்சுதோ? அக்காவுக்கு எதிரிலை இருந்து பாத்த பழக்கம்."

"அக்காவா? எந்த அக்கா?"

"பூரணம் அக்கா. அத்தானின்ரை மனிசி. அவ காய்ச்சலிலை செத்து வாற மாசம் ஒரு வருசம். நான் தங்கச்சி, யோகம்."

 இரண்டு நாளாக ஒரு பிணத்தின் பெயருக்கு உயிருள்ள பெண்ணைத் துணியில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன்!  பெட்டியில் இருந்த தாலி, சுவரில் இருந்த ஆணி, எல்லாம் அப்போதுதான் புரிந்தது.

அக்காளுக்குப் பணிவிடை செய்ய யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள், அப்படியே தங்கிவிட்டாள். திவசம் முடிந்த அடுத்த மாதம் அவளுக்கும் அத்தானுக்கும் எழுத்து, அதாவது கலியாணப் பதிவு. பெற்றோர் சம்மதித்துக் கடிதம் போட்டுவிட்டார்களாம்.

"அத்தானைக் கட்ட மாட்டன் எண்டு நான் சொல்லேல்லை, அம்மா" என்றாள் யோகம். "ஆனா திவசத்தண்டு என்ரை முகத்துக்கு மாலை போடுவினம், விளக்கு வைப்பினம். நான் அதுக்குக் கீழை நிண்டு சோறு பரிமாற வேணும். இப்பவே ரெண்டு தரம் என்னைப் பூரணம் எண்டு கூப்பிட்டிட்டார். பிறகு யோகம் எண்டு ஒருத்தி எங்கை இருப்பாள்?"

கிள்ளானில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை வேலைக்கு அவளை அழைக்கும் கடிதம் தலையணைக்குக் கீழே இருந்தது. தங்க இடமும் தருகிறார்களாம். அவள் இன்னும் பதில் எழுதவில்லை.

மத்தியானம் கிராணியார் வந்ததும் வராததுமாகப் பிடித்துக்கொண்டேன். "நீங்கள் இதை என்னிடம் சொல்லியிருக்க வேண்டாமா?" என்றேன்.

அவர் உண்மையாகவே திகைத்துப்போனார். "உயிரோடை இருக்கிறவைக்கு ஆர் சுவரிலை படம் வைக்கிறது? மனைவியின் படம் எண்டு எழுதினால் விளங்கும்தானே?"

"அவரைப் புகைப்படம் எடுக்கவில்லையா?"

"இல்லை" என்றவர் கோட்டுப் பொத்தானைத் திருகினார். "யோகம் தமக்கையை உரிச்சு வைச்ச மாதிரி. மச்சம் ஒண்டுதான் குறை. அதை வைச்சு முடிச்சுத் தாங்கோ."

நான் உள்ளே போய்க் கந்தையில் கற்பூரத் தைலம் தொட்டு, படத்திலிருந்த மச்சத்தை ஈரத்தோடு துடைத்து எடுத்தேன்.  இந்தப் படத்தை முடிக்க மாட்டேன் என்பது மட்டும் நிச்சயமாகிவிட்டது. ஆனால் ஆணி காலியாக இருக்கும்வரை அவர் யோகத்தை விடமாட்டார் என்பதும் தெரிந்தது.

அடுத்த நாள் சாயங்காலம், வாசல் பெருக்க வந்த அஞ்சலை படத்தின் எதிரே நின்றுவிட்டாள். காலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு, பிற்பகலில் இந்த வீட்டு வேலைக்கு வருகிறவள். சேலம் பக்கத்துப் பேச்சு.

"தங்கச்சியம்மா லட்சணமா இருக்காங்க" என்றாள்.

"இது அக்காவாம், அஞ்சலை."

அவள் விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். "ஆத்தாடி! எங்க கிராணியம்மாவா? அவுங்க எங்க, இது எங்க! அவுங்களுக்கு மொகம் பூரா அம்மைத் தழும்பு. மேப்பல்லு ரெண்டும் வெளிய நிக்கும், சிரிச்சா ஈறு தெரியும். மச்சம் மட்டும் நெசந்தான்."

 உரித்து வைத்த மாதிரி என்றாரே அந்த மனிதர்! புகைப்படம் ஒன்றுகூட இல்லாமல் போன காரணமும் புரிந்தது. செத்தவளுக்கு அவர் படம் வைக்கவில்லை. தனக்கு வாய்த்திருக்க வேண்டும் என்று நினைத்த ஒருத்திக்கு வைக்கிறார்.

"உனக்கு அவர் முகம் நன்றாக நினைவிருக்கிறதா?" என்று கேட்டேன்.

"எனக்கா? லயத்துல யாருக்குத்தான் மறந்துச்சு? வாங்க, காட்டுறேன்" என்று கிளம்பினாள்.

லயம் என்றால் ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருபது அறைகள். சென்னையில் மாட்டுக்குக்கூட இதைவிடக் காற்றோட்டமாகக் கொட்டகை போடுவார்கள். கிராணியார் அலுவலகம் போனதும் பூரணம் இங்கே வந்துவிடுவாளாம். வாசற்படியில் உட்கார்ந்து இந்தப் பெண்களுக்கு ஊர்க் கடிதம் எழுதித் தருவாளாம். கிராணியாருக்குத் தெரியாது.

"நாங்க சொல்லச் சொல்ல எழுதுவாங்க" என்றாள் அஞ்சலை. "ஊருல இருக்குற மாமியாளைத் திட்டுனா, திட்டுனதையும் விடாம எழுதுவாங்க. எழுதிக்கிட்டே சிரிப்பாங்க பாருங்க, லயமே திரும்பிப் பாக்கும்."

"நெற்றி எப்படி இருக்கும்?" என்றேன்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் எந்தக் கலைஞரிடமும் கற்றதில்லை. பெண்கள் கூடினார்கள். வார்த்தையால் ஒருத்தியும் சொல்லவில்லை. ஒருத்தி காத்தாயி என்பவளைப் பிடித்து இழுத்துவந்து, "நெத்தி இவ நெத்தி" என்றாள். "மூக்கு என் மூக்கு, நல்லாப் பாத்துக்கங்க" என்று அஞ்சலை முன்னால் வந்தாள். கண்ணுக்காகப் பெரிய சண்டையே நடந்தது. கடைசியில் அறைக்குள் ஒளிந்துகொண்ட ராக்கு என்ற பெண்ணை நாலு பேர் சேர்ந்து தள்ளிக்கொண்டு வந்தார்கள். பல் எடுப்பானவள். வெட்கத்தில் கையால் வாயைப் பொத்தியிருந்தாள்.

"கிராணியம்மா பல்லு இதுதான். சிரிடி!"

நான் அவள் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். சிரிக்க வைக்க அஞ்சலை ஏதோ காதில் சொன்னாள். அது எழுதத் தக்கதல்ல. ராக்கு சிரித்தாள்.  ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள்.

மூன்று பிற்பகல், பால் நிறுத்து முடிந்து அவர்கள் திரும்பி வரும் நேரத்தில், அந்த வாசற்படியில் புதிய துணி ஒன்றில் வேலை செய்தேன். ஒவ்வொரு கோட்டுக்கும் எட்டுப் பேர் திருத்தம் சொன்னார்கள். தழும்பை நான் குறைத்தபோது அஞ்சலை விடவில்லை. "இன்னும் போடுங்கம்மா, அவுங்களுக்கே அதுல வெக்கமில்ல" என்றாள். மச்சத்தை இடது கன்னத்தில் வைத்ததும், "ம், வந்துட்டாங்க" என்றாள். இத்தனை வருடத்தில் இதைவிடப் பெரிய பாராட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை கூடத்தில் படத்தை நிறுத்தித் துணியை எடுத்தேன்.  யோகம் அடுப்படி நிலையில் நின்றாள். கத்துவார், படத்தைக் கிழிப்பார், என்னை வெளியே போகச் சொல்வார் என்று எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தேன்.

கிராணியார் பார்த்தார். அவர் கை தானாக உயர்ந்தது. யாரோ விருந்தாளி எதிரே வந்துவிட்டது போலக் குரலைத் தணித்துக்கொண்டு, படத்தைப் பார்த்துச் சொன்னார்:

"வாயை மூடும்."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதில் விழுந்தது. முகம் வெளிறிப்போயிற்று. பக்கத்து நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.  எத்தனை வருடம், எத்தனை ஆயிரம் முறை அந்த வீட்டில் அந்தச் சொல் சொல்லப்பட்டிருக்க வேண்டும்!

"படம் எடுக்க ரெண்டு தரம் கிள்ளானுக்குக் கூட்டிக்கொண்டு போனனான்" என்றார். "பல்லுத் தெரியுது எண்டு நான்தான் எடுக்க விடாமல் திருப்பிக் கூட்டி வந்தனான். அவ வழியெல்லாம் ஒண்டும் கதைக்கேல்லை."

நிலைப்படியிலிருந்து யோகத்தின் குரல் வந்தது. "அத்தான், நான் கிள்ளானுக்குப் போறன். பள்ளிக்கூடத்து வேலைக்கு."

அவர் திரும்பவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டு, "ஓம். போம், யோகம். வீட்டுக்கு நான் எழுதிறன்" என்றார். அந்தப் பெயரில் அவர் அவளைக் கூப்பிட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பிறகு எழுந்து, ஈரம் காயாத படத்தைத் தானே தூக்கி அந்த ஆணியில் மாட்டினார். அவர் மேல் எனக்கிருந்த கோபம் போய்விட்டது என்று சொன்னால் பொய். ஆனால் அந்த முதுகைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

திங்கட்கிழமை அதே மோட்டார், அதே காரோட்டி. யோகத்தின் தகரப் பெட்டி பின்னால். மச்சம் துடைத்த அவள் படம் முன்பக்கம் அவள் மடியில். அதை அவளுக்கே கொடுத்துவிட்டேன். இந்த ஊர் ஈரக் காற்றில் வண்ணம் அதிலும் சரியாகக் காயவில்லை. மச்சத்தை அழித்ததும் அவள் முகத்தை அவளிடம் ஒப்படைத்துவிட்டோம் என்று எனக்கு உள்ளூரக் கர்வம் வேறு.

ஜெராமில் காரோட்டிக்குப் பசித்தது. வண்டி நின்றதும் அந்த மலாய்க்கார அம்மாள் என்னை அடையாளம் கண்டு ஓடிவந்தாள். மடியில் இருந்த படத்தைப் பார்த்தாள், யோகத்தைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்து ஏதோ சொன்னாள். காரோட்டி விழுந்து விழுந்து சிரித்தான்.

"தொண்டையில மீன் முள்ளு மாட்டுனவ மாதிரி ஏன் இப்படி வாயை மூடிக்கிட்டு இருக்காங்கன்னு கேக்குறாங்கம்மா."

யோகமும் சிரித்துவிட்டாள். தலைப்பை எடுக்க அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. மேல் பற்கள் இரண்டும் முன்னுக்கு வந்தன, ஈறு தெரிந்தது, சாலையில் போன ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

 லயத்தில் ராக்குவின் கையைப் பிடித்துக் கெஞ்சி வாங்கிய சிரிப்பு! அது இரண்டு நாள் என் எதிரிலேயே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அவளுடையதல்லாத மச்சத்தை வைத்து நான் அவளை அளந்துகொண்டிருந்தேன். கிராணியார் மூடச் சொன்ன வாயை, ஒரு வார்த்தை கேட்காமல், அப்படியே மூடி எழுதி அவள் மடியிலும் வைத்துவிட்டேன்.

யோகம் அவசரமாகக் கையால் வாயைப் பொத்தினாள். நான் வண்டியைவிட்டு இறங்கி, இறால் பாய்களுக்கு நடுவில் இடம் பார்த்து வண்ணப் பெட்டியைத் திறந்தேன்.

"நீ போய்ச் சாப்பிட்டு வா. மெதுவாகவே வா" என்று காரோட்டியிடம் சொன்னேன். பிறகு யோகத்தின் பக்கம் திரும்பி, "வாயிலிருந்து கையை எடு" என்றேன்.